சுறாவுக்குத் தெரிந்த குடும்பம்

(கிரானில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மந்திரவாதிக் குடும்பம் ஒன்றின் தலைமுறை வரலாற்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். பின்வாங்குகளில் இருக்கிற பிள்ளைகள் என்ன நினைத்துக்கொண்டு வந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஹரி பொட்டர். அந்த வரிசையின் முதல் நூல் 1997 இல் வந்தது, எழுதியவர் ஜே. கே. ரௌலிங். அந்த வரிசையிலே பிளாக் என்று ஒரு குடும்பம் வருகிறது. அவர்கள் வீட்டுச் சுவரில் பெரிய துணி ஒன்று தொங்கும். பூட்டன், பாட்டன், பேரன் என்று வம்சம் முழுவதையும் நூலால் அதில் தைத்து வைத்திருப்பார்கள். குடும்பத்துக்கு ஒவ்வாத காரியம் செய்தவரின் பெயரைச் சுட்டுக் கருக்கிவிடுவார்கள். அன்ட்ரோமெடா என்ற பெண், மந்திரம் அறியாத வீட்டில் பிறந்த ஒருவனைக் கட்டினாள். துணியில் அவள் பெயர் இருந்த இடத்தில் இப்போது ஓட்டைதான் இருக்கிறது. ஏன் சிரிக்கிறீர்கள்? இந்தக் காரியத்துக்கு நம் ஊரில் துணியும் தேவையில்லை, மந்திரக்கோலும் தேவையில்லை என்றுதானே?

நம் கதைகளின் மந்திரவாதிக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகைக்குள் இருப்பான். உயிர் ஒரு கிளிக்குள் இருக்கும். இளவரசியைத் தூக்கி வந்து வைத்துக்கொண்டு, என்னைக் கலியாணம் முடி என்று வருசக் கணக்காகக் கேட்டுக்கொண்டிருப்பான். அவளும் சம்மதிக்க மாட்டாள். கடைசியில் எவனோ ஒரு பெடியன் வந்து கிளியின் கழுத்தைத் திருகுவான்; அத்தோடு வித்தையும் முடிந்தது, ஆளும் முடிந்தான். அவனுக்குப் பெண்சாதி இல்லை, மருமகன் இல்லை, சீதனப் பேச்சு இல்லை. மந்திரவாதிக்குக் குடும்பம் உண்டென்று நம் பெத்தாமார் நமக்குச் சொன்னதே இல்லை.

ஆகவே குடும்பத்தைக் கதைக்குள் தேடினால் கிடைக்காது. கணக்குப் புத்தகத்தில் தேடினால் கிடைக்கும். யார் யாருக்கு எத்தனை பங்கு கொடுத்தார்கள் என்ற கணக்கில்.

மன்னார்க் கடலுக்குப் போவோம். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்ற கரைகளில் முத்துக்குளிப்பு நடந்த காலம். அந்தக் குளிப்புக்குச் சலாபம் என்று பெயர். ஒரு வள்ளத்தில் பத்துச் சுழியோடிகள் போவார்கள். கல் ஐந்து இருக்கும். ஐந்து பேர் கல்லைக் காலில் கொளுவி மூழ்க, மற்ற ஐந்து பேர் மூச்சு வாங்குவார்கள். நள்ளிரவுக்கு முன்பின்னாகக் கரைக்காற்றோடு புறப்பட்டுப் பகலில் கடற்காற்றோடு திரும்ப வேண்டும். நூற்றுக்கணக்கான வள்ளங்கள். கீழே சிப்பிப் பார். சுற்றிவரச் சுறா. இந்த ஏற்பாட்டுக்குள்ளே ஒரு உத்தியோகத்தர் உண்டு. அவர் மூழ்க மாட்டார், வள்ளம் வலிக்க மாட்டார், சிப்பி எண்ண மாட்டார். பெயர் கடற்கட்டி. சுறாவின் வாயைக் கட்டுகிறவர்.

இவரைப் பற்றிய மிகப் பழைய வெளிநாட்டுச் சாட்சி மார்க்கோ போலோ. 13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்தப் பக்கம் வந்து போனவர். முத்து வியாபாரிகள் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுப்பார்கள் என்கிறார். பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்கிறார். அரசனுக்குப் போவதில் சரிபாதி, கவனியுங்கள். படையும் கிடையாது, கோட்டையும் கிடையாது, நூற்றுக்கு ஐந்து வருமானம். அவர்களைப் பிராமணர் என்று போலோ எழுதுகிறார். இன்னொரு விபரத்தையும் சொல்கிறார். கட்டு பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்து விடுவார்கள். இரவில் மீன் தன் இஷ்டப்படி திரியலாம்.

அது ஏன் இரவில் அவிழ்க்க வேண்டும்? இரவில் யார் கடலில் இறங்குவான்? கள்ளன். உத்தரவில்லாமல் சிப்பி எடுக்க வருகிறவன். ஆகவே பகலில் சுழியோடிக்குத் தைரியம் கொடுத்த அதே மந்திரம், இரவில் அரசனுக்குச் சம்பளமில்லாத காவலாளியாக நின்றது. இதைப் படித்த பிறகு, மந்திரவாதி வெறும் மூடநம்பிக்கையில் வயிறு வளர்த்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் ஒரு துறைமுக அதிகாரி.

ஐந்நூறு வருசம் தாண்டி வாருங்கள். போர்த்துக்கேயர் வந்து போய்விட்டார்கள், ஒல்லாந்தர் வந்து போய்விட்டார்கள். ஆங்கிலேயர் ஆட்சியின் ஆரம்ப காலத்தில் ஜேம்ஸ் கோர்டினர் என்ற பாதிரியார் இலங்கையில் இருந்தார். அவருடைய நூல் 1807 இல் வெளிவந்தது. கடற்கட்டி என்ற தமிழ்ச் சொல்லையே அவர் காதில் விழுந்தபடி எழுதி வைத்திருக்கிறார். இவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம்; அந்தக் குடும்பத்துக் கிளையில் பிறக்காத எவனும் அந்தப் பதவிக்கு ஆசைப்பட முடியாது என்கிறார். அவர் இவர்களை ஏமாற்றுக்காரர் என்றுதான் சொல்கிறார். ஆனால் சுழியோடிகளின் நம்பிக்கை காரணமாக இவர்கள் இல்லாமல் சலாபம் நடக்காது என்பதையும் ஒத்துக்கொள்கிறார்.

அவர் பார்த்தபோது இரண்டு பேர் வேலையில் இருந்தார்கள். ஒருவர் தலைமை வழிகாட்டியின் வள்ளத்தில் கடலுக்குப் போவார். மற்றவர் கரையில் ஓர் அறைக்குள். வள்ளங்கள் புறப்பட்டது முதல் திரும்பும் வரை, உடுதுணி இல்லாமல், யார் கண்ணிலும் படாமல், கதவு சாத்திய அறைக்குள் இருப்பார். முன்னால் ஒரு பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர். தண்ணீருக்குள் வெள்ளியில் செய்த இரண்டு மீன்கள், ஆண் ஒன்று பெண் ஒன்று. கடலில் யாருக்காவது சுறாவால் ஆபத்து வந்தால், இந்த வெள்ளி மீனில் ஒன்று மற்றதைக் கடிக்குமாம். கடற்கட்டிக்கு மனக்குறை வந்தால் சுறாவை ஏவியும் விடுவார் என்ற பயமும் இருந்தது. அதனால் எல்லாப் பக்கத்திலிருந்தும் வெகுமதி வந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது சாட்சி எல்லாவற்றையும் விட ருசியானது. ஜேம்ஸ் எமர்சன் டெனண்ட், 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளர். ஆளுநருக்கு அடுத்த நாற்காலி. அவருடைய இலங்கை நூல் 1859 இல் வந்தது. அவர் அரிப்புக்குப் போகிறார். கடற்கட்டியின் வல்லமை பரம்பரையாக வருவது, அவர் எந்த மதம் என்பது பொருட்டில்லை என்று குறித்துவிட்டு, அப்போதைய குடும்பத் தலைவர் ரோமன் கத்தோலிக்கர் என்கிறார். மன்னார்க் கரையில் கத்தோலிக்கம் 1540களிலேயே வேர்விட்டது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே அதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் வேறு. டெனண்ட் போன நேரம் கடற்கட்டிக்குச் சுகமில்லை. அவர் வரவில்லை, தன் சார்பில் ஒருவரை அனுப்பியிருந்தார். அந்த மனிதரிடம் விசாரிக்கிறார்கள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? அந்தப் பெரிய மந்திரம் தனக்குத் தெரியாது என்றார். ஆனால் அந்தக் குடும்பத் தலைவரின் பிரதிநிதியாகத் தான் இங்கே நிற்கிறேன் என்பது சுறாக்களுக்குத் தெரியும், அவை அதற்கு மரியாதை கொடுக்கும் என்றார்.

டெனண்ட் இதை ஒரு நகைச்சுவைக்காகத்தான் எழுதினார். நான் இதை ஒரு சட்ட வாக்குமூலம் போல வாசிக்கிறேன். மந்திரம் தெரியாதவன் மந்திரவாதியின் இடத்தில் நிற்கிறான்; அவனை யாரும் துரத்தவில்லை; வள்ளங்கள் புறப்படுகின்றன; சுழியோடிகள் மூழ்குகிறார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பம் காப்பாற்றி வந்தது எதை என்பது அந்த ஒரு பதிலில் இருக்கிறது. அங்கே நிற்கும் உரிமையைக் காப்பாற்றி வந்தது. சொல் மறந்தாலும் இடம் மறக்கவில்லை.

போலோ பார்த்த பிராமணரும் டெனண்ட் காலத்துக் கத்தோலிக்கரும் ஒரே இரத்தமா என்று கேட்பீர்கள். குடும்பம் மதம் மாறியிருக்கலாம், அல்லது பதவி குடும்பம் மாறியிருக்கலாம். எப்படியானாலும் பங்கு தொடர்ந்திருக்கிறது. சலாபத்தின் முடிவும் அதே கணக்கில்தான் வந்தது. 1906 இல் முத்துப் பார்களை அரசாங்கம் ஒரு லண்டன் கம்பனிக்கு 20 வருசக் குத்தகைக்குக் கொடுத்தது. வாரி அள்ளினார்கள். பிறகு சிப்பி வரவில்லை. கம்பனியும் போனது. சிப்பி இல்லாத கடலில் வாய் கட்டுவதற்குச் சுறா இருந்தென்ன, கட்டுகிறவர் இருந்தென்ன.

மந்திரக் குடும்பம் என்றால் மலையாளத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. நம் ஊர் மந்திரிக்கிற ஆட்களே தங்கள் வித்தைக்கு மலையாளத்தைத்தான் மூலமாகச் சொல்வார்கள். கோட்டயத்தில் மீனச்சில் ஆற்றங்கரையில் சூரியகாலடி மனை என்ற இல்லம் இருக்கிறது. கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் 1934 வரை தொகுத்து வெளியிட்ட ஐதிகமாலையில் அந்த வீட்டின் கதை வருகிறது. பூரம் பார்க்கப் போன ஒரு பட்டதிரியை யட்சி பிடித்துத் தின்கிறாள். அவருக்குப் பிறகு பிறந்த பிள்ளை வளர்ந்து, சூரியனை நோக்கித் தவம் கிடந்து, மந்திர ஏட்டைச் சூரியனிடமே வாங்கிக்கொண்டு யட்சியைப் பழி தீர்க்கிறான். அந்தத் தொகுப்பிலேயே கடமற்றத்துக் கத்தனார் என்ற சிரியன் கிறிஸ்தவப் பாதிரியாரும் பெரிய மந்திரவாதியாக வருகிறார். டெனண்டின் கத்தோலிக்கக் கடற்கட்டிக்கு அவர் பங்காளி மாதிரி. மலையாளத்தில் இதற்கு மேல் நிற்கத் தேவையில்லை. நமக்கு வேண்டியது அங்கிருந்து வந்ததாகச் சொல்லப்படும் இன்னொரு சரக்கு, தாய்வழி.

இனி மட்டக்களப்பு. யாழ்ப்பாணத்தார் நம்மைப் பற்றிச் சொல்லுகிற அந்த வாசகத்தை நான் சொல்லாவிட்டால் நீங்களே எழுந்து சொல்லிவிடுவீர்கள். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டிப் போடுவார்கள். உத்தியோகத்துக்கு இங்கே மாற்றலாகி வருகிற பெடியனுக்குத் தாய் திருநீறு பூசி, ஒருவர் வீட்டிலும் தண்ணீர் குடியாதே மனே என்று — இல்லை, அவர்கள் மனே என்று சொல்ல மாட்டார்கள், தம்பி என்றுதான் சொல்லியிருப்பார்கள் — அனுப்பி வைப்பாள். மறுகா என்ன? ஆறு மாதத்தில் ஒரு கலியாணக் கடிதம் போகும். பெடியன் திரும்பிப் போக மாட்டான். வசியம், இடுமருந்து, ஒட்டிவிட்டார்கள் என்று அங்கே அழுவார்கள்.

அவன் ஏன் போகவில்லை? வீடு அவளுடையது. வளவு அவளுடையது. வயலில் அவளுக்குப் பங்கு. நம் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். தாய் தன் வீட்டை மூத்த மகளுக்கு விட்டுவிட்டுப் பக்கத்து வளவில் இன்னொரு வீடு கட்டிக்கொண்டு போவாள். இப்படி ஒரு வீட்டுக்குள் வந்து, தயிரும் மீனும் பெரும்போக நெல்லும் கண்ட மனிதன் எழுந்து போவதற்கு என்ன முடை? பாயில் பசை இல்லை. உறுதியில் இருந்தது. சீதன உறுதியில்.

இது நையாண்டிக்குச் சொன்னதல்ல. கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பவர் 1876 இல் முக்குவச் சட்டம் என்ற சிறு நூலை வெளியிட்டார். முதுசச் சொத்து ஆணின் பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகிற ஒழுங்கை அதில் விபரித்தார். வேடிக்கை என்னவென்றால், அதே 1876 இல் வந்த விவாக உரிமை, முதுசம் பற்றிய கட்டளைச் சட்டம் அந்த ஒழுங்கை முடித்து வைத்தது. சட்டம் போனது, குடி என்ற வம்சப் பிரிவு போகவில்லை. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. ஒரு குடிக்குள்ளே சம்பந்தம் இல்லை. கோயில் வண்ணக்கர் பதவி, திருவிழாவில் எந்த நாள் யாருக்கு, யாருக்கு முதலில் காளாஞ்சி என்பதெல்லாம் குடிவழி. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969 முதல் அக்கரைப்பற்றில் இருந்து இதை ஆராய்ந்து 2008 இல் பெரிய நூலாக வெளியிட்டார். தமிழருக்கு மட்டுமல்ல, இந்தக் கரையின் முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடி உண்டு என்பதை அதில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

இப்போது பிளாக் குடும்பத்தின் துணியை நினைத்துப் பாருங்கள். கிரானில் மந்திரச் சடங்கு நடத்துகிற ஒரு கட்டாடியாரின் வம்சத்தை அப்படித் தைக்கச் சொன்னால் தையற்காரன் தடுமாறிப் போவான். கட்டாடியாரின் மகன் கட்டாடியாரின் குடி இல்லை. அவன் தன் தாயின் குடி. ஆகவே குடியோடு இறங்குகிற உரிமை ஒரு பக்கம் மாமனிலிருந்து மருமகனுக்குப் போகும். வித்தையோ, யார் வாய் திறந்து சொல்லிக் கொடுத்தாரோ அவர் வழியில் போகும். அது தகப்பனாகவும் இருக்கலாம், பெரியப்பனாகவும் இருக்கலாம், பக்கத்து ஊர்க் குருவாகவும் இருக்கலாம். கோயிலுக்குக் கோயில் இந்த வழக்கம் மாறும். துணியில் இரண்டு நிற நூல் வேண்டும், இரண்டும் இரண்டு திசையில் ஓடும், எப்போதாவது ஒரு மனிதனில் சந்திக்கும். தகப்பன் சொல்லிக் கொடுத்த வித்தையும் மாமன் விட்டுப்போன உரிமையும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தால், அவரைத்தான் ஊர் பெரிய கட்டாடியார் என்று கொண்டாடும்.

ரௌலிங்கின் உலகத்தில் மந்திரம் இரத்தத்தில் இருக்கிறது. குழந்தை கோபப்பட்டால் கண்ணாடி தானாக மறைகிறது. நம்மிடம் அப்படிச் சலுகை கிடையாது. மந்திரத்தை வாலாயம் பண்ண வேண்டும். விரதம், மச்சம் மாமிசம் விலக்கு, சுத்தம், கணக்குப்படி உரு ஏற்றுதல். அம்மன் சடங்கு நடத்துகிறவருக்குப் பத்ததி தெரிய வேண்டும். கோயிலுக்குக் கோயில் பத்ததி ஏடு உண்டு. கதவு திறப்பதிலிருந்து, கும்பம் வைத்து, கன்னிமார் பிடித்து, நெல்லுக் குத்தி, பள்ளயம் வைத்து, தீ மிதித்து, வாழி பாடிக் கும்பம் சொரியும் வரைக்கும் எது எப்போது என்று அதில் இருக்கும். ஆகமம் படித்த ஐயருக்கு இது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. மண்டூர் முருகனுக்குக் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார், கதிர்காமத்தில் கப்புறாளை செய்வதைப் போலவே. மன்னாரில் சுறாவின் வாயைக் கட்டினார்கள். இங்கே பூசகர் தன் வாயைக் கட்டிக்கொள்கிறார்.

இந்தப் பக்கத்தில் இன்னும் பழைய அடுக்கு ஒன்று இருக்கிறது. கரையோர வேடர். சார்ள்ஸ் செலிக்மனும் பிரெண்டா செலிக்மனும் 1911 இல் வேடரைப் பற்றி எழுதிய நூலில் கிழக்குக் கரையில் தமிழ் பேசும் வேடர் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். வாகரைப் பக்கத்திலும் களுவன்கேணியிலும் குமார தெய்வத்துக்குச் சடங்கு இன்றைக்கும் நடக்கிறது. நம்முடைய மந்திரச் சடங்குகளில் எவ்வளவு மலையாளம், எவ்வளவு வேடர், எவ்வளவு சிங்களம் என்று பிரித்து எடுக்க முயன்றவர்கள் களைத்துப் போனார்கள். கட்டாடி என்று நாம் சொல்வதைச் சிங்களவர் கட்டடியா என்கிறார்கள். பேய்க்குப் பாசைப் பிரச்சினை இருந்ததாகத் தெரியவில்லை.

பரம்பரை பற்றிப் பேசும்போது ஊர் நம்பிக்கை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சூனியம் செய்தவன் வம்சம் தழைக்காது. இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். செய்வினைக்குக் காசு வாங்கியவனின் பிள்ளை வாய் பேசாது, கை கால் விளங்காது என்று ஊரில் ஆயிரம் உதாரணம் காட்டுவார்கள். நோயோடு பிறந்த பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று நான் சொல்லத் தேவையில்லை. தகப்பன் மேல் உள்ள பயத்தைப் பிள்ளையின் உடம்பில் எழுதுகிறார்கள். ஆனால் அந்த நம்பிக்கை தொழிலுக்குள் ஒரு வேலை செய்திருக்கிறது. எங்கள் வீட்டில் வெட்டுறதுதான், வைக்கிறதில்லை என்று ஒவ்வொரு மந்திரக் குடும்பமும் ஊரறியச் சொல்லிக்கொண்டது. கழிப்புக் கழிப்பார்கள், அச்சரம் கட்டுவார்கள், தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள், பயந்த பிள்ளைக்கு நூல் கட்டுவார்கள். சூனியம் வைப்பது எப்போதும் அடுத்த ஊர்க்காரன். அந்த அடுத்த ஊருக்குப் போய்க் கேட்டால் அவர்கள் நம் ஊரைக் காட்டுவார்கள். கிரானில் கேட்டால் சித்தாண்டி. சித்தாண்டியில் கேட்டால் எது என்று நான் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும்.

விசகடி வைத்தியம் இதே வீடுகளில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையில் மூலிகை, மறுகையில் மந்திரம். 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ், பாரம்பரிய வைத்தியர் பதிவு பெறலாம். பழைய கடற்கட்டி அரசாங்கத்தின் சலாபத்தில் நின்றது போல, பரியாரி வீடும் அரசாங்கப் புத்தகத்தில் ஏறியது. இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஒன்று. பாம்பு கடித்தால் நேரே ஆஸ்பத்திரி. புலிபாய்ந்தகல் பக்கம் மாரியில் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போகும்போது அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன். ஓதுகிறவரை வேண்டுமானால் வள்ளத்தில் கூட ஏற்றிக்கொண்டு போங்கள்.

இவ்வளவு நேரமும் குடும்பம், பங்கு, உரிமை என்றே பேசினேன். அது உடைந்த காலமும் இருக்கிறது. அது நம்மில் பலர் பார்த்த காலம்.

1990க்குப் பிறகு இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் காணாமல் போனார்கள் என்று இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆணைக்குழு வந்தது, படிவம் நிரப்பினார்கள், முகாம் வாசலில் நின்றார்கள். பதில் இல்லை. அப்போது சனம் அம்மன் கோயிலுக்குப் போய், தெய்வம் ஏறி வாக்குச் சொல்லும் தெய்வக்காரரிடம் கேட்டது. பட்ரீசியா லோரன்ஸ் என்ற மானிடவியலாளர் அந்த வருசங்களில் மட்டக்களப்பில் இருந்து இதைக் கவனித்து, 2000 இல் ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார். வாக்குச் சொன்னவர்களில் பெண்கள் பலர். அவர்களிலேயே பிள்ளையை, உறவை இழந்தவர்கள் இருந்தார்கள். பத்ததி படித்தவர்கள் அல்ல. மாமன் விட்டுப்போன உரிமையும் இல்லை, தகப்பன் சொல்லிக் கொடுத்த மந்திரமும் இல்லை. தெய்வம் வந்து பிடித்தது, அவ்வளவுதான். என் பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று ஒரு தாய் கேட்க, இன்னொரு தாய் உடம்பு நடுங்கிப் பதில் சொன்னாள். அடிபட்டவனைப் பற்றிக் கேட்டால் அந்த அடி தன் உடம்பில் விழுந்தது போல அலறினாள்.

சொன்னது பலித்ததா என்று கணக்கு எடுக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கணக்கில் விருப்பமில்லை. நான் கவனித்தது வேறு. கடற்கட்டி வீட்டில் மந்திரம் தெரியாதவனுக்கும் இடம் இருந்தது, ஏனென்றால் குடும்பம் இருந்தது. இங்கே குடும்பமும் இல்லை, பதவியும் இல்லை, பங்கும் இல்லை. இழப்பு மட்டும் இருந்தது, அதற்கு ஊர் இடம் கொடுத்தது. கட்டாடியார்மார் அவர்களைத் தடுத்திருக்கலாம். சடங்கில் யாருக்குத் தெய்வம் வந்தாலும், அது தெய்வந்தானா பேயா என்று பார்த்துச் சொல்வது அவர்கள் அதிகாரம். பல கோயில்களில் அவர்கள் தடுக்கவில்லை. கும்பத் தண்ணீர் தெளித்து, வேப்பிலை கொடுத்து, நிற்க விட்டார்கள். நம் பகுதியின் மந்திரக் குடும்பங்கள் தங்கள் வரலாற்றில் செய்த மிகப் பெரிய காரியம் அந்த வழிவிடல் என்று நான் நினைக்கிறேன். எந்தப் பத்ததியிலும் அதற்கு விதி எழுதியிருக்க முடியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், அதோடு முடிக்கிறேன். பத்ததி ஏடுகள் வீடுகளில் இருக்கின்றன. பரணில், பெட்டிக்குள், சில வேளை கோயில் மூலஸ்தானத்துக்குள். வெள்ளத்தில் போனது, கடலில் போனது, இடம்பெயர்ந்தபோது விட்டுப்போனது எல்லாம் தவிர மிச்சம் இருப்பதைச் சொல்கிறேன். நூலகம் நிறுவனம் போன்றவர்கள் ஏட்டுச் சுவடிகளைப் படம் எடுத்து எண்ணிம வடிவில் காத்து வருகிறார்கள். மந்திரத்தைப் பிறத்தியாருக்குக் காட்டினால் பலிக்காது என்று வீட்டுப் பெரியவர் தயங்குவார். அந்தத் தயக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். மந்திரம் எழுதிய ஏடுகளைத் துணியால் மூடிக்கொள்ளட்டும். முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் மட்டும் காட்டச் சொல்லுங்கள். எழுதியவர் பெயர், எழுதுவித்தவர் பெயர், ஊர், மாதம், எந்தக் கோயிலுக்கு என்று குறித்திருந்தால் பெரும்பாலும் அந்த இரண்டில்தான் இருக்கும். அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் அவர்கள் தாயின் குடி என்ன என்று வீட்டுப் பெண்களிடம் கேட்டு எழுதுங்கள். ஆண்களிடம் கேட்டால் தகப்பன் பெயரைத்தான் சொல்வார்கள்.